மறுமலர்ச்சிதான் லூதரை உருவாக்கியது என்றால், அது ஏன் இத்தாலியில் நடக்கவில்லை?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். போட்டித் தேர்வுக்காகப் படிக்கும் குறிப்புகளில் "மறுமலர்ச்சியின் விளைவே சமயச் சீர்திருத்தம்" என்று ஒரு வரி இருக்கிறது. அறிவு வளர்ந்தது, மக்கள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள், திருச்சபை உடைந்தது என்று அதற்கு விளக்கமும் கொடுத்திருக்கிறார்கள். அப்படியென்றால் மறுமலர்ச்சி பிறந்த இத்தாலியில் அல்லவா திருச்சபை முதலில் உடைந்திருக்க வேண்டும், எங்கோ வடக்கே ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் ஏன் உடைந்தது என்பது உங்கள் சந்தேகம். நல்ல சந்தேகம். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மறுமலர்ச்சி அறிஞர்களிடமிருந்து, சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த ஜெர்மன் துறவி மார்ட்டின் லூதருக்கு என்ன கிடைத்தது என்பது ஒன்று. கிடைத்ததை வைத்துக்கொண்டு அவர் செய்ததற்கும் அந்த அறிஞர்கள்தான் பொறுப்பா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குக் கையில் பிடித்துக் காட்டக்கூடிய சான்று உண்டு. இரண்டாவதற்கு என் பதில் 'இல்லை'. ஆனால் அதை ஏற்காத வரலாற்றாசிரியர்களும் இருக்கிறார்கள்.

நான் இறையியல் மாணவர்களுக்குத் திருச்சபை வரலாறு நடத்தியவன். கிரேக்கம் ஓரளவு தெரியும், லத்தீன் அகராதி துணையோடு. அந்தக் காலத்து வரி, கடன், விலைவாசி எல்லாம் என் துறை அல்ல. அவற்றைத் தொடும் இடங்களில் மட்டும் நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து படியுங்கள்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஹியூமனிசம் என்பதைத் தமிழில் பெரும்பாலும் மனிதநேயம் என்று எழுதிவிடுகிறோம். படிக்கிறவர் ஏதோ ஏழைகளுக்கு இரங்குகிற கொள்கை என்று நினைத்துக்கொள்கிறார். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் 'உமனிஸ்தா' என்றால் இலக்கணம், சொற்கலை, கவிதை, வரலாறு, ஒழுக்கவியல் ஆகியவற்றைச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார். அவ்வளவுதான். பழைய லத்தீன், கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளைத் தேடிப் பிடிப்பது, பல பிரதிகளை ஒப்பிடுவது, இடையில் நுழைந்த பிழைகளைக் களைவது இவர்களுடைய தொழில். உ.வே.சா. ஏடு தேடி அலைந்ததைப் படித்தவர்களுக்கு அந்த வெறி எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. 1453இல் கான்ஸ்டான்டினோபிள் விழுந்ததும் கிரேக்க அறிஞர்கள் இத்தாலிக்கு ஓடிவந்தார்கள், அதனால்தான் எல்லாம் தொடங்கியது என்ற வரியும் உங்கள் குறிப்பில் இருக்கும். ஃப்ளோரன்ஸ் நகரில் மானுவேல் கிரிசொலோராஸ் கிரேக்கம் கற்பிக்கத் தொடங்கியது 1397இல். கணக்கு இடிக்கிறது அல்லவா?

இந்த வாத்தியார்களின் தொழில் திருச்சபையைத் தொட்ட இடத்துக்கு நல்ல உதாரணம் லொரென்சோ வல்லா. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் மேற்குப் பகுதியின் ஆட்சியையே போப்புக்கு எழுதிக் கொடுத்ததாக ஒரு பத்திரம் பல நூற்றாண்டுகளாகப் புழங்கிவந்தது. 1440இல் வல்லா அதை எடுத்து வைத்துக்கொண்டு மொழியைப் பரிசோதித்தார். ரோம அதிகாரிகளைப் பற்றிச் சொல்லும் இடத்தில் 'சத்ரப்' என்று எழுதியிருக்கிறது. கான்ஸ்டன்டைன் காலத்து ரோமில் யார் அப்படி எழுதுவார்கள்? கான்ஸ்டான்டினோபிளைப் பெரிய மதபீடமாகக் குறிப்பிடுகிறது. அந்த நகரமே அப்போது உருவாகவில்லை. நான்காம் நூற்றாண்டு லத்தீன் இப்படி இருக்காது, இது பின்னால் யாரோ செய்த போலி என்று முடித்தார். அதில் அரசியலும் இருந்தது. வல்லா அப்போது நேப்பிள்ஸ் அரசுரிமைக்காகப் போப்போடு மோதிக்கொண்டிருந்த அல்ஃபோன்சோ மன்னரின் ஆள்.

இதற்காக வல்லாவை எரித்துவிட்டார்களா? இல்லை. அடுத்து வந்த போப் ஐந்தாம் நிக்கோலஸ் அவரைத் தன் செயலகத்தில் வேலைக்கு வைத்துக்கொண்டார். திருச்சபையின் பெரிய உரிமைப் பத்திரம் ஒன்று போலி என்று நிரூபித்தவர் ரோமில் சம்பளம் வாங்கிக்கொண்டு செத்தார். ஆக, அறிவு வளர்ந்தால் திருச்சபை தானாக உடையும் என்ற சூத்திரம் இங்கேயே இடறுகிறது. அதே நூலை 1520 தொடக்கத்தில் லூதர் படித்தபோது கொதித்துப் போனார். போப்தான் வேதம் எச்சரித்த அந்திக்கிறிஸ்துவோ என்ற சந்தேகம் தனக்கு வலுப்பதாக நண்பருக்கு எழுதினார். எண்பது ஆண்டு இடைவெளியில் நூல் மாறவில்லை, படித்த ஆள்தான் மாறியிருந்தார்.

வல்லாவின் இன்னொரு வேலை இதைவிட முக்கியம். திருச்சபை பயன்படுத்திய லத்தீன் புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்தோடு ஒப்பிட்டு அவர் குறிப்புகள் எழுதி வைத்திருந்தார். லூவேன் நகருக்குப் பக்கத்தில் ஒரு மடத்து நூலகத்தில் 1504இல் அந்தக் கையெழுத்துப் பிரதி நெதர்லாந்து அறிஞர் எராஸ்மஸ் கையில் சிக்கியது. அடுத்த ஆண்டே அதை அச்சிட்டார். அந்த இழையைப் பிடித்துக்கொண்டே போய், 1516இல் பேசல் நகரில் ஃப்ரோபென் அச்சகத்தில் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை, பக்கத்திலேயே தன்னுடைய லத்தீன் மொழிபெயர்ப்போடு, வெளியிட்டார். அச்சில் விற்பனைக்கு வந்த முதல் கிரேக்கப் புதிய ஏற்பாடு அதுதான். அவசர வேலை. வேதாகமத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்துக்கு அவர் கையில் இருந்த ஒரே பிரதியில் கடைசி வசனங்கள் கிழிந்து போயிருந்தன. மனிதர் அவற்றை லத்தீனிலிருந்து தானே கிரேக்கத்துக்கு மாற்றி எழுதிச் சேர்த்துவிட்டார்! மூல நூலுக்குத் திரும்ப வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் சொன்னவர் மூலத்தையே கொஞ்சம் தயாரித்த கதை இது. வகுப்பில் இதைச் சொன்னால் தூங்கும் மாணவர்களும் எழுந்து உட்காருவார்கள்.

அந்த நூலில் ஒரு சொல்தான் உங்கள் முதல் கேள்விக்கு நேரடியான பதில். மத்தேயு 4:17இல் இயேசு பிரசங்கத்தைத் தொடங்கும்போது சொல்லும் கட்டளையைப் பழைய லத்தீன் 'பேனிடென்சியாம் ஆகிடே' என்று மொழிபெயர்த்திருந்தது. பரிகாரம் செய்யுங்கள் என்று அதைக் கேட்கலாம். இடைக்காலத்தில் அப்படித்தான் கேட்டார்கள். குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்து, அதாவது பாவங்களை அறிக்கையிட்டு, அவர் விதிக்கும் அபராதத்தை நிறைவேற்று என்று. கிரேக்கத்தில் இருப்பது 'மெட்டனோயா' என்பதன் வினைவடிவம், புத்தி திரும்புவது என்று பொருள். தமிழ் வேதாகமத்தில் 'மனந்திரும்புங்கள்' என்று படிக்கிறோமே, அது இந்தக் கிரேக்கச் சொல்லின் தமிழ். எராஸ்மஸ் தன் குறிப்பில் இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொன்னார்.

இப்போது பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து 1517இல் லூதர் எழுதிய 95 கூற்றுகளில் முதல் இரண்டைப் பாருங்கள். மனந்திரும்புங்கள் என்று இயேசு சொன்னபோது விசுவாசியின் வாழ்க்கை முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்று விரும்பினார் என்பது முதல் கூற்று. அந்தச் சொல்லைக் குருமார் நடத்தும் பாவசங்கீர்த்தனச் சடங்கு என்று புரிந்துகொள்ள முடியாது என்பது இரண்டாவது. இது எராஸ்மஸிடமிருந்து வந்தது என்பது என் ஊகம் மட்டும் அல்ல. 1518 மே மாதம் தன் துறவற சபையின் தலைவர் ஸ்டௌபிட்ஸுக்கு லூதர் எழுதிய கடிதத்தில், கிரேக்கமும் எபிரேயமும் கற்பிக்கும் அறிஞர்களின் உழைப்பால் இந்தச் சொல்லின் உண்மைப் பொருளைத் தெரிந்துகொண்டதாகச் சொல்கிறார். எராஸ்மஸ் பதிப்பு வந்தபோது அவர் ரோமர் நிருபத்தைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பாதியிலேயே அதைக் கையில் எடுத்துக்கொண்டு தொடர்ந்தார். அந்தக் காலத்தில் கடிதங்களில் 'எலெவ்தேரியுஸ்' என்று கிரேக்க வாடையோடு கையெழுத்துப் போட்டதும் உண்டு. சுதந்திரமானவன் என்று பொருள். பிறந்தபோது குடும்பப் பெயர் லூடர். லூதர் என்ற எழுத்துக்கூட்டல் அந்தக் கிரேக்கப் புனைபெயரின் மிச்சம் என்று பலர் கருதுகிறார்கள்.

இதுவரை சொன்னது உறுதியானது. கருவி மறுமலர்ச்சியினுடையது. ஆனால் லூதரைத் தூங்கவிடாமல் துரத்தியது வேறு. 1505இல் இடி மின்னலில் மாட்டிக்கொண்டு, புனித அன்னாளே காப்பாற்று, துறவியாகிறேன் என்று நேர்ந்துகொண்டவர் அவர். மடத்தில் மணிக்கணக்காகப் பாவசங்கீர்த்தனம் செய்தும் கடவுள் தன்னை ஏற்றுக்கொண்டாரா என்ற பயம் போகவில்லை. நீதியுள்ள கடவுள் முன் பாவி எப்படி நிற்க முடியும் என்பதுதான் அவருடைய கேள்வி. எராஸ்மஸுக்கு அந்தக் கேள்வி இருந்ததாகத் தெரியவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது நல்ல லத்தீன், ஒழுக்கமுள்ள குருமார், சண்டையில்லாத கிறிஸ்தவம். விசுவாசத்தால் மட்டுமே மனிதன் நீதிமானாகிறான் என்ற தெளிவு லூதருக்கு எந்த ஆண்டில் வந்தது என்பதில்தான் இன்றுவரை தகராறு. 1513 முதல் 1519 வரை எந்த ஆண்டைச் சொன்னாலும் உங்களோடு சேர்ந்துகொள்ள ஒரு பேராசிரியர் கிடைப்பார். லூதர் 1545இல் முதுமையில் எழுதிய நினைவுக் குறிப்பை எவ்வளவு நம்புவது என்பதைப் பொறுத்தது அது.

பாவமன்னிப்புச் சீட்டு விவகாரம் இந்தப் பயத்தின் மேல்தான் வந்து விழுந்தது. சீட்டு என்று நாம் சொல்வது பாவத்தையே மன்னிக்கும் சீட்டு அல்ல. கத்தோலிக்கர்கள் இன்றும் 'பரிபூரண பலன்' என்று சொல்கிறார்களே, அதன் பழைய வடிவம். மன்னிக்கப்பட்ட பாவத்துக்காக, இறந்த பிறகு ஆன்மா தூய்மையாகும் இடமான உத்தரிக்கிற ஸ்தலத்தில் படவேண்டிய தண்டனையைக் குறைப்பது. ஏட்டளவில் அப்படி. சந்தையில் விற்ற டெட்செல் போன்றவர்கள் இந்த நுணுக்கத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. பெட்டியில் காசு விழுந்த சத்தம் கேட்டதும் ஆன்மா விடுதலையாகிறது என்ற பேச்சை லூதரின் 27ஆம் கூற்று மறுக்கிறது. வசூல் ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்டுவதற்கு என்று அறிவிக்கப்பட்டது. அதில் பாதி, மைன்ஸ் பேராயர் பதவிக்காக ஆல்பிரெக்ட் என்பவர் ஃபுக்கர் வங்கியிடம் வாங்கிய கடனை அடைக்கப் போனது. லூதருக்கு இந்த ஏற்பாடு அப்போது தெரியாது. இன்னொரு வேடிக்கை, அவருடைய ஆட்சியாளர் சாக்சனியின் ஃபிரடெரிக் தன் நாட்டுக்குள் டெட்செலை விடவில்லை. கொள்கையால் அல்ல. லூதர் இருந்த ஊரான விட்டன்பெர்க்கின் கோயிலில் அவரே ஏறத்தாழ 19,000 புனிதப் பொருள்கள் சேர்த்து வைத்திருந்தார். அவற்றைத் தரிசித்தாலும் பலன் உண்டு. போட்டிக்கடை எதற்கு?

1517 அக்டோபர் 31 அன்று கோயில் கதவில் ஆணி அடித்த காட்சி உங்கள் புத்தகத்தில் படமாகவே இருக்கும். அன்று லூதர் பேராயர் ஆல்பிரெக்டுக்குக் கடிதம் எழுதி, கூற்றுகளை இணைத்து அனுப்பினார் என்பது உறுதி. கதவு விஷயம் உறுதி இல்லை. அதைப் பிரபலமாக்கியவர் லூதரோடு பாடம் நடத்திய மெலாங்க்தன், அதுவும் 1546இல் லூதர் இறந்த பிறகு. மெலாங்க்தன் விட்டன்பெர்குக்கு வேலைக்கு வந்ததே 1518இல். லூதரின் உதவியாளர் ரோரர் எழுதிய ஒரு குறிப்பு 2006இல் கவனத்துக்கு வந்தது. அதிலும் கதவு வருகிறது, ஆனால் அவரும் நேரில் பார்த்தவர் அல்ல. பல்கலைக்கழக விவாதத்துக்கான அறிவிப்பைக் கதவில் ஒட்டுவது அந்த ஊர் வழக்கம். ஆகவே நடந்திருக்கலாம். நடந்திருந்தால் அது வீரச் செயலாக இருந்திருக்காது, அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியதாக இருந்திருக்கும்.

அச்சு இல்லாவிட்டால் இது எங்கே போயிருக்கும் என்று கேட்கலாம். அந்த லத்தீன் கூற்றுகள் ஆண்டு முடிவதற்குள் லைப்சிக், நியூரம்பர்க், பேசல் ஆகிய ஊர்களில் அச்சாகிவிட்டன. இருந்தாலும் ஊர் மக்களிடம் போனது அவை அல்ல. 1518இல் லூதர் ஜெர்மன் மொழியில், படிக்கத் தெரிந்த ஒருவர் நின்ற நிலையில் படித்து முடித்துவிடும் நீளத்தில், அதே விஷயத்தை ஒரு பிரசங்கமாக எழுதினார். அது இருபதுக்கும் மேற்பட்ட பதிப்புகள் கண்டது. 1520இல் ஜெர்மன் பிரபுக்களுக்கு எழுதிய நூலின் முதல் பதிப்பு 4,000 பிரதிகள் சில நாள்களிலேயே தீர்ந்தன. வல்லாவும் எராஸ்மஸும் லத்தீனில், தங்களைப் போன்றவர்களுக்காக எழுதினார்கள். என் கருத்தில் இங்கேதான் பாதை பிரிகிறது.

பாதை பிரிந்ததை எராஸ்மஸே ஒத்துக்கொண்டார். நீர் இட்ட முட்டையைத்தான் லூதர் அடைகாத்தார் என்று துறவிகள் அவரைக் குத்திக்காட்டினார்கள். நான் இட்டது கோழி முட்டை, லூதர் பொரித்தது வேறு ஏதோ பறவை என்று அவர் பதில் சொன்னார். 1524இல் மனிதனுக்குச் சுதந்திரமான சித்தம் உண்டு என்று நூல் எழுதினார். அடுத்த ஆண்டு லூதர், மனித சித்தம் அடிமைப்பட்டது என்று பல மடங்கு நீளத்தில் மறுத்தார். சவாரி மிருகம் மாதிரி, மேலே கடவுள் ஏறினால் கடவுள் வழி, சாத்தான் ஏறினால் சாத்தான் வழி. உங்கள் குறிப்பில் இருக்கும் கதையை இதோடு வைத்துப் பாருங்கள். மனிதனின் சுதந்திரத்தைப் பேசியவர் போப்போடு இருந்துவிட்டார். போப்பை உடைத்துக்கொண்டு போனவர் மனிதனுக்குச் சுதந்திரமே இல்லை என்றார். வேதத்தில் பல இடங்கள் தெளிவாக இல்லை, அங்கெல்லாம் முடிவு சொல்லாமல் விடுவதே நல்லது என்று எராஸ்மஸ் சொன்னதற்கு, பரிசுத்த ஆவி சந்தேகவாதி அல்ல என்று லூதர் திருப்பி அடித்தார். சந்தேகம் கேட்டு நம்பிக்கையை உடைத்த பகுத்தறிவாளர் என்று லூதரைப் போற்றுகிறவர்கள் இந்த ஒரு வரியைப் படித்தால் போதும்.

நேர்மையாக எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். லூதரை விட்டுவிட்டு மற்றவர்களைப் பார்த்தால் என் வாதம் பலவீனமாகிறது. 21 வயதில் கிரேக்கப் பேராசிரியராக விட்டன்பெர்குக்கு வந்த மெலாங்க்தன் முழு உமனிஸ்ட். சூரிக் நகரில் சீர்திருத்தம் செய்த சுவிங்லி எராஸ்மஸைக் குருவாக நினைத்தவர். கால்வின் வெளியிட்ட முதல் நூல், 1532இல், ரோமத் தத்துவஞானி செனக்காவுக்கு எழுதிய உரை. இந்த இரண்டாம் வரிசை ஆட்கள் இல்லாமல் லூதர் மட்டும் இருந்திருந்தால், வாதம் ஒரு துறவியின் வழக்காகவே முடிந்திருக்கலாம் என்று சொல்பவர்களுக்கு என்னிடம் அடித்துச் சொல்லும் பதில் இல்லை. அதே சமயம் எபிரேய அறிஞர் ரோய்க்லின், இங்கிலாந்தின் தாமஸ் மோர் என்று அந்தப் பக்கம் போகாத உமனிஸ்ட்களின் பட்டியலும் நீளம்தான்.

இனி இத்தாலி. அங்கே சீர்திருத்தவாதிகள் இல்லாமல் இல்லை. கப்புச்சின் என்ற துறவற சபையின் தலைவராகவே இருந்த பெர்னார்டினோ ஒக்கினோ 1542இல் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி ஜெனீவாவுக்கு ஓடினார். அதே ஆண்டில் பீட்டர் மார்ட்டிர் வெர்மிக்லியும் ஓடினார். அதே ஆண்டில்தான் ரோமில் மாற்றுக் கொள்கைக்காரர்களைப் பிடித்து விசாரிக்கும் மன்றம் புதிதாக அமைக்கப்பட்டது. அங்கே இல்லாதது ஃபிரடெரிக் போன்ற ஓர் ஆள். பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் ஏழு வாக்குகளில் ஒன்று அவருடையது. 1519இல் பேரரசர் மாக்சிமிலியன் இறந்ததும், ஸ்பெயின் மன்னர் சார்லஸ் அந்தப் பதவிக்கு வரக்கூடாது என்று போப் விரும்பினார். அதற்கு ஃபிரடெரிக்கின் தயவு வேண்டும். அதனால் லூதர் மீதான வழக்கு மாதக்கணக்கில் ஆறப்போடப்பட்டது. அந்த மாதங்களில் அச்சகங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. இத்தாலியிலோ போப்பே ஒரு சிற்றரசர். செல்வாக்குள்ள குடும்பங்களின் பிள்ளைகள் அவருடைய அலுவலகத்தில்தான் கர்தினால்களாகவும் எழுத்தர்களாகவும் பிழைத்தார்கள். ஜெர்மானியருக்கு ரோம் காசு பிடுங்கும் வெளியூர். இத்தாலியருக்கு அது வேலை கொடுக்கும் ஊர். ஸ்பெயினில் இன்னொரு வழி தெரிந்தது. கர்தினால் சிஸ்னெரோஸ் அல்கலா பல்கலைக்கழகத்தில் எபிரேயம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் பக்கம் பக்கமாக வரும் பெரிய வேதாகமத்தைத் தயாரித்தார். அதன் புதிய ஏற்பாடு 1514இலேயே, எராஸ்மஸுக்கு முன்பே, அச்சாகி, வெளியீட்டு அனுமதிக்காகக் காத்திருந்தது. அதே கருவி, அதே வேலை. திருச்சபை அங்கே உடையவில்லை.

கடைசியாக, லூதர்தான் வேதாகமத்தை முதலில் ஜெர்மன் மொழியில் தந்தார் என்று பலர் சொல்வதையும் திருத்திவிடலாம். 1466 முதலே அச்சில் பதினெட்டு ஜெர்மன் வேதாகமங்கள் வந்திருந்தன. எல்லாம் லத்தீனிலிருந்து, கரடுமுரடாக. லூதர் 1522இல் வெளியிட்ட புதிய ஏற்பாடு எராஸ்மஸின் கிரேக்கப் பதிப்பிலிருந்து வந்தது. மொழியை எங்கே கற்றுக்கொண்டேன் என்று 1530இல் எழுதினார். வீட்டில் தாயிடமும், தெருவில் பிள்ளைகளிடமும், சந்தையில் சாதாரண மனிதனிடமும் கேள், அவர்கள் வாயைப் பார் என்று. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்க் செய்ததும் இதைத்தான். லூதரன் மரபில் வளர்ந்து ஹாலேயில் படித்த அவர், தமிழ்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மொழி கற்று, 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். அதற்கு வெகுமுன்பே, 1578இல், 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சாகியிருந்தது. அதைச் செய்த ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் இயேசு சபைக்காரர், எதிரணியான கத்தோலிக்கர். இரண்டு அணிகளும் நம் ஊர்ப்பக்கம் அச்செழுத்தோடுதான் வந்தன.

தேர்வில் 'சமயச் சீர்திருத்தத்துக்கு வழிவகுத்தது எது' என்று நான்கு விடை கொடுத்துக் கேட்டால், தயங்காமல் மறுமலர்ச்சி என்று குறித்துவிட்டு வாருங்கள். அங்கே போய் எராஸ்மஸின் முட்டையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். கட்டுரை வினாவாக வந்தால் மட்டும் 'மெட்டனோயா'வையும் 1518 கடிதத்தையும் ஃபிரடெரிக்கின் வாக்கையும் எழுதுங்கள்.